முதல் அணைப்பு

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். நீயும் அத்தானும் சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் புதுத் தையல் மெஷின் வாங்கினாரா, இல்லை அந்தப் பழையதையே திட்டித் திட்டி மிதித்துக்கொண்டிருக்கிறாரா?

முதலில் பெரிய செய்தி. நீ அத்தை ஆகப் போகிறாய். டீச்சருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. (என் பெண்டாட்டிக்கு நீ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவள் அம்மாவே இப்போது அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள்.) கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே வெளியே ஓடியிருக்கிறாள். டாக்டர் உறுதி செய்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "பிரசவம் உங்க அக்காகிட்டதான். வேற யார் கையிலயும் இல்ல." நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

இரண்டாவது செய்தி என் வேலை பற்றி. எங்கள் விளம்பர கம்பெனிக்குச் சுகாதாரத் துறையின் வேலை கிடைத்திருக்கிறது. பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் அரசு ஒரு பை கொடுக்கப் போகிறது: கம்பளி, குல்லா, காலுறை, சோப்பு, எண்ணெய். பையின் மேலே தலைவர் சிரிக்கும் படம். படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்றார்கள். அலுவலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நான் டீ குடித்தபடி சொன்னேன்: "முதல் அணைப்பு தலைவருடையது." முதலாளி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அந்த அணைப்பு முதலாளியுடையது.

உன் வார்டுக்கும் அந்தப் பை வரும். என் எழுத்து உன் கைக்கு வரும் என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உன்,
வாயாடி

---

அக்டோபர் 23

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். படித்த வேகத்தில் ஒரு சத்தம் போட்டிருப்பேன் போல, பிரசவித்துக் களைத்துக் கிடந்த பெண்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "என்ன சிஸ்டர், என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களிடம் "என் தம்பி அப்பா ஆகப் போறான்" என்றேன். மூக்கொழுகிக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தவன்!

டீச்சரை ஏழாம் மாதம் முடிந்ததும் இங்கே கொண்டுவந்து விடு. மலைப்பாதை வளைவுகளில் மெதுவாக ஓட்டச் சொல். அவள் வெறும் வயிற்றில் பள்ளிக்கு ஓடக் கூடாது. காலையில் எழுந்ததும் ஒரு ரொட்டித் துண்டு, பிறகுதான் கணக்கு. உன் வீட்டு மாடிப்படி செங்குத்து. பக்கெட் தூக்குவது இனி நீ.

உன் வரியைப் படித்தேன். முதல் அணைப்பு தலைவருடையதா? அப்படியென்றால் பெற்றவள் என்னடா செய்வாள், வரிசையில் நிற்பாளா? அத்தான் சிரித்த சிரிப்பில் வாயில் வைத்திருந்த ஊசியை விழுங்கப் பார்த்தார்.

விளையாட்டு இருக்கட்டும். பை வருவது நல்லதுதான். இங்கே குளிர் இப்போதே தொடங்கிவிட்டது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் அறையில் ஹீட்டர் ஒன்று செத்துவிட்டது, மற்றொன்று இருமிக்கொண்டிருக்கிறது. வார்டுக் கம்பளிகள் எல்லாம் சல்லடை. புதுக் கம்பளி கேட்டு எழுதினோம். அதற்கான பணத்தை இந்த வருஷம் பைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்களாம். அதனால் உன் பையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் அனுப்பச் சொல்.

அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனில் கூப்பிடாதே. அந்தப் போன் ஒரு நாள் பேசினால் ஒரு வாரம் தூங்குகிறது.

அக்கா

---

நவம்பர் 17

அன்புள்ள அக்கா,

டீச்சர் நலம். ரொட்டி சாப்பிடுகிறாள், என்னையும் சேர்த்து. இங்கே குளிர் இல்லை, புழுக்கம்தான். உனக்கு மூச்சு இழுப்பு வராமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி இப்போது பெரிய ஆள். போன வாரம் துறைச் செயலாளர், கட்சிப் பிரசாரப் பொறுப்பாளர் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். கட்சிக்காரர் ஏன் அரசுக் கூட்டத்தில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. பைகள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன என்றார்கள். "ஆனா ஒரு மூலையில ஒரு நர்ஸ் ஒரு அம்மாகிட்ட குடுத்தா யாருக்குத் தெரியும்? தேர்தலுக்கு இதனால என்ன பிரயோஜனம்?" என்று பொறுப்பாளர் அலுத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்னால் மூடிக்கொண்டு இருக்க முடியுமா? "இப்பவே குடுக்க வேணாம் சார். எல்லாத்தையும் ஸ்டோர்ல வையுங்க. தேர்தல் தேதி அறிவிக்கிறதுக்கு முன்னால, ஒவ்வொரு ஊர் மைதானத்துலயும் ஒரே நாள்ல, எல்லாத் தாய்மாரையும் குழந்தையோட வரவெச்சு அமைச்சர் கையால குடுங்க. நாங்க படம் பிடிக்கிறோம்" என்றேன்.

அறையே எழுந்து கை தட்டியது அக்கா. எனக்குப் பதவி உயர்வு. தனி அறை, தனி மேசை. செலவு முழுவதும் துறையுடையது என்பதால் படத்துக்குப் பெரிய கேமராவே வருகிறது. பைகளை நிறுத்திவைக்கும் உத்தரவு எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. உனக்கும் வந்திருக்குமே, பார்த்தாயா? அது உன் தம்பியின் மூளையில் முளைத்தது என்று பெரிய டாக்டரிடம் சொல்லிக்கொள்.

பெருமையில் மிதக்கும்,
வாயாடி

---

டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வார்டில் வேலை அதிகம். எனக்கு இழுப்பு இல்லை. முழங்கால் அப்படியே இருக்கிறது.

டீச்சரின் கால் வீங்குகிறதா என்று தினமும் பார். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அவள் நின்றுகொண்டே பாடம் நடத்துவதை நிறுத்தச் சொல். உட்கார்ந்து சொன்னாலும் இரண்டும் இரண்டும் நாலுதான்.

இங்கே குளிர் கடுமை. ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து வைத்திருக்கிறோம். அத்தான் கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளைக் கொண்டுவந்து சின்னச் சின்னக் குல்லாவாகத் தைத்துத் தருகிறார். சட்டைத் துணிக் குல்லா கம்பளி ஆகுமா? ஏதோ, காதை மூடுகிறது.

ரோடு போடும் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு நாள் குறைந்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் உள்ளங்கை அளவுதான். ஆனால் என் சுண்டு விரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வார்டே சண்டை போடுகிறது.

நீ கேட்ட உத்தரவு வந்தது. பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

---

டிசம்பர் 30

அன்புள்ள அக்கா,

என்ன இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்? இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் என்னைத் திட்டுகிறவள் நீ. பதவி உயர்வுக்கு ஒரு வாழ்த்துகூட இல்லை! சரி, வேலை அதிகம் என்கிறாய். மன்னித்தேன்.

டீச்சரின் காலை அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை, எனக்குத்தான் ஒரு உதை விழுந்தது. குழந்தையும் உள்ளே உதைக்கிறதாம். அம்மா பக்கம் போயிருக்கிறது.

நான் வீட்டுக்கு வருவதே அரிதாகிவிட்டது. மைதானம் மைதானமாக ஓடுகிறோம். மேடை எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம், குழந்தை அழுதால் என்ன செய்வது எல்லாம் என் தலையில்தான். உங்கள் ஊர் விழா பிப்ரவரி தொடக்கத்தில். நானே கேமராவோடு வருகிறேன்! நீ சலவை செய்த வெள்ளைச் சீருடையில் மேடையில் நிற்க வேண்டும். அமைச்சருக்குப் பையை எடுத்துக் கொடுப்பது நீதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த உள்ளங்கைக் குழந்தை எப்படி இருக்கிறது? பெயர் வைத்தாயிற்றா? டீச்சர் அதைப் பற்றித்தான் தினமும் கேட்கிறாள்.

வாயாடி

---

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். நீங்கள் இரண்டு பேரும் (இல்லை, மூன்று பேரும்) நலமாக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன மாற்றம். என்னை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வழக்கமாக நடப்பதுதான், நீ ஒன்றும் யோசிக்காதே. புது முகவரி கடித உறையின் பின்பக்கம் இருக்கிறது. அத்தான் கடையை விட்டு வர முடியாது என்பதால் ஊரிலேயே இருக்கிறார். வாரக் கடைசியில் ஜீப்பில் வருகிறார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு ஆசையாக வந்ததில்லை.

இங்கே இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஸ்டவ். கதவைத் திறந்தால் மேகம் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு ஆயா இருக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் நடக்காது சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, பிறகு அதைச் செய்து முடித்துவிடுகிறாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அதனால் டீச்சர் இங்கே வர வேண்டாம். உங்கள் நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் பக்குவமாகச் சொல். விழாவுக்கும் என்னால் வர முடியாது. லீவு கிடைக்காது.

நீ அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

---

பிப்ரவரி 8

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட மனசு வரவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

விழாவுக்காக உன் ஊருக்கு வந்தேன். நீ இல்லை என்று தெரிந்தும், அங்கே இறங்கியதும் கண் உன்னைத்தான் தேடியது. மைதானத்தில் தாய்மார்கள் காலையிலிருந்து குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. அமைச்சர் வரத் தாமதம். என்னுடைய வேலை, குழந்தைகள் அழாமல் பார்த்துக்கொள்வது. நான் போட்ட திட்டத்தில் குளிர் என்று ஒன்று இல்லவே இல்லை அக்கா.

மேடைக்குப் பின்னால் பைகளை அடுக்கினேன். ஒன்று கையில் காற்று மாதிரி இருந்தது. திறந்தால் உள்ளே கசங்கிய செய்தித்தாள். அடுத்ததும் அப்படியே. பாதிக்கு மேல் பேப்பர் திணித்த பைகள். பக்கத்தில் நின்ற ஸ்டோர்காரரைப் பிடித்தேன்.

"என்னங்க இது?"

"படத்துக்கு வேணும்ல சார், அதான் பேப்பர் வெச்சு உப்ப வெச்சோம். உள்ள இருந்ததெல்லாம் டிசம்பர்லயே போயிடுச்சு."

"எங்க போச்சு? திருடிட்டாங்களா?"

"திருட்டா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வார்டு சிஸ்டர் எடுத்துக் குடுத்துட்டாங்க சார். குளிருதுன்னு. அதுக்குத்தான் அவங்களை மலைக்கு அந்தப் பக்கம் தூக்கி அடிச்சிட்டாங்க. விசாரணை வேற நடக்குது. வேலையே போனாலும் போகும்."

எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அதே நேரம் அமைச்சர் வந்துவிட்டார், யாரோ "கேமரா!" என்று கத்தினார்கள். நான் போனேன். காலிப் பையை ஒரு பெண் கையில் வைத்து அவர் சிரித்ததைப் படம் பிடித்தேன். மாலையில் உன் இடத்துக்கு ஜீப் இல்லை, காலையில்தான் என்றார்கள். எங்கள் வண்டி கிளம்பியது. நான் அதில் ஏறிவிட்டேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்: ஏறிவிட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீ என்மேல் கோபமாக இருக்கிறாயா?

உன் தம்பி

---

பிப்ரவரி 25

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. ஊசி பிடிக்கிற கைக்குப் பேனா சரிவராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். டீச்சர் சுகமா? உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் அக்கா படித்தாள், மடித்தாள், தலையணைக்குக் கீழே வைத்தாள். பதில் எழுது என்றேன். "எழுதறேன்" என்கிறாள். எழுதவில்லை. மலைக் குளிரில் அவளுக்கு மூச்சு இழுப்பு வேறு வந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

நவம்பரில் நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்றுதான் ஸ்டோரைப் பூட்டச் சொன்ன உத்தரவும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நம்ம பையன் மூளைங்க இது" என்று சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது. நல்லது செஞ்சதா நெனச்சுக்கிட்டிருக்கான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

நீ அந்த உள்ளங்கைக் குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பிழைக்கவில்லை மச்சான். ஹீட்டர் நின்றுபோன அன்று, விடிந்ததும் போய்விட்டது. நுரையீரலே பலவீனம், எப்படியும் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். கம்பளி இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்றும் யாராலும் சொல்ல முடியாது. உன்னிடம் மறைத்துப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

அன்று காலை உன் அக்கா ஸ்டோருக்குப் போனாள். "சாவி குடுங்க" என்றாள்.

"மேலிடத்து உத்தரவும்மா. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார் ஸ்டோர்காரர்.

"மேலிடத்துக்குக் குளிராது. இங்க குளிருது. குழந்தை பொறந்த அன்னிக்கே குடுக்கணும்னுதானே திட்டத்துல போட்டிருக்கு?"

அவர் வராந்தாவை எட்டிப் பார்த்தார். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். இந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு நான் பாக்கல" என்று போய்விட்டார்.

பைகளைப் பிரித்து, உள்ளே இருந்ததை வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அதற்கு முந்தின வாரம் வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப் போயும் கொடுத்தாள். எல்லாம் முடிந்தபின் என் கடைக்கு வந்து சுத்தியல் கேட்டாள். ஆணி அடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். திறந்து கிடந்த பூட்டை அதை வைத்து உடைத்திருக்கிறாள்! "சாவி எப்படிக் கிடைச்சுதுன்னு கேப்பாங்க. அந்த மனுஷன் பாவம்" என்றாள். விசாரணையிலும் "பூட்டை நான்தான் உடைத்தேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது பொய்யும் இல்லை பார்.

உன்மேல் கோபமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் அவளிடம்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் இல்லை. உன்னை நான் அரைக்கால் சட்டை வயதிலிருந்து அளவெடுத்தவன்.

அத்தான்

---

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உனக்கு இழுப்பு வந்திருக்கிறது என்று அத்தான் எழுதினார். மருந்தைத் தவறாமல் போடு. உன் பதில் வரவில்லை. பரவாயில்லை. நீ எழுதும்வரை நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அத்தானைத் திட்டாதே. உனக்குத் தெரியாமல் அவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு நான் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. டீச்சர் கடிதத்தை வாங்கிப் படித்தாள். வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னல் ஓரம் நின்றாள். பிறகு, "அக்காவோட விசாரணை ஃபைல் இந்த ஊர்லதானே இருக்கும்? போங்க" என்றாள்.

போனேன். துறைத் தலைமை அலுவலகம். விசாரணை அதிகாரி வழுக்கைத் தலை, மூக்குநுனியில் கண்ணாடி. மின்விசிறி காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க எல்லாவற்றின்மேலும் ஒரு பை வைத்திருந்தார். எங்கள் பைதான். தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு? சாட்சியா?"

"இல்ல சார். பையை நிறுத்தி வைக்கச் சொன்ன யோசனை என்னோடது. அந்த சிஸ்டர் என் அக்கா. தண்டனை குடுக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, யோசனைக்குத் தண்டனை குடுக்க எங்க விதியில இடமே இல்லையே. பூட்டுக்குத்தான் இருக்கு."

"அப்ப நடந்ததை எழுதி வாங்கிக்குங்க. திட்டத்துல பொறந்த அன்னிக்கேன்னு இருந்துச்சு. தேர்தலுக்காகத்தான் தள்ளி வெச்சாங்க. கூட்டத்துல யார் யார் இருந்தாங்க, கட்சிக்காரர் என்ன சொன்னார், எல்லாம் சொல்றேன்."

"இதைக் குடுத்தா உங்க வேலை?"

"அது போகும் சார்."

அவர் வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். விளம்பரத்துக்கு எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இவ்வளவு நேரம் பிடித்து எதையும் எழுதியதில்லை.

வேலை போய்விட்டது. முதலாளி கத்தவில்லை. "நீ நல்லா எழுதுவடா. அதுதான் வருத்தம்" என்றார். இப்போது பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை. தலைவர்கள் யாரும் இல்லை, கமாவும் புள்ளியும்தான்.

டீச்சர் பெட்டி கட்டிவிட்டாள். நகரத்து ஆஸ்பத்திரி வேண்டாமாம். "உங்களுக்கு அக்கா பதில் எழுத மாட்டாங்க. என்னை வெளிய போன்னு சொல்வாங்களா, பாக்கலாம்" என்கிறாள். லீவு கிடைத்ததும் கிளம்புகிறாள்.

உன் தம்பி

---

மே 5

என் வாயாடிக்கு,

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். உன் மூக்கு, டீச்சரின் பிடிவாதம். நீ அங்கே வண்டி பிடித்துக் கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று ஜீப்காரர் சொல்கிறார்.

வலி எடுத்ததுமே ஊர் டாக்டரை வரவழைத்துவிட்டேன், பயப்படாதே. அவர் வந்து சேர்ந்தபோது பாதி வேலை முடிந்துவிட்டது. ஆயா வழக்கம்போல "இன்னிக்கெல்லாம் பொறக்காது சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் கொண்டுவந்தாள். உன் பெண்டாட்டி கத்தவே இல்லையடா. பல்லைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னாள்.

குழந்தையைத் துடைத்து அவள் நெஞ்சில் போட்டுவிட்டு, வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் உனக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கோபமா என்று கேட்டாய். இருந்ததடா. அந்த ரோட்டுவேலைக்காரப் பெண் வெறுங்கையோடு வார்டை விட்டு இறங்கிப் போனபோது, நீ கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன். உனக்கு எழுதப் பேனா எடுத்தால் அதுதான் வந்தது. எழுதிக் கிழித்துப் போட்டேன். உன்மேல் உள்ள கோபத்தை மறைத்தேனா, என் வலியை மறைத்தேனா என்று எனக்கே தெரியாது. உன்னிடம் சொல்லிவிட்டால், இனிமேல் நீ என் முன்னால் சிரிக்க மாட்டாய் என்று பயந்தேன். நீ சிரிக்காத வீடு எனக்குப் பழக்கமில்லை.

நீ அதிகாரியிடம் எழுதிக் கொடுத்ததை உன் கடிதத்தில் படித்தேன். அந்தக் குழந்தை போனது போனதுதான். அதை நீயும் நானும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும், தனித்தனியாக முடியாது. வா. வந்து உன் பெண்ணைத் தூக்கு. நான் அறைய மாட்டேன்.

அக்கா

---

ஜூலை 21

அன்புள்ள அக்கா,

நீ நலமா? என் ராணி எப்படி இருக்கிறாள்? குப்புற விழப் பார்க்கிறாள் என்று டீச்சர் எழுதியிருந்தாள். லீவு முடியும்வரை அவர்கள் உன்னிடம் இருப்பது எனக்கு நிம்மதி, வீடு மட்டும் கிணறு மாதிரி இருக்கிறது.

ஆட்சி மாறியது உனக்குத் தெரியும். புதுக் கட்சியின் ஆள் ஒருவர் நேற்று என்னைத் தேடி அச்சகத்துக்கே வந்தார். எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். "உங்க அக்கா ஒரு தியாகி சார். அவங்களை மேடையில ஏத்தி தலைவர் கையால கௌரவிக்கணும். விசாரணையை அன்னிக்கே ரத்து பண்றோம். பழைய வார்டும் கிடைக்கும். நீங்க நம்ம விளம்பரப் பிரிவுக்கு வந்துடுங்க" என்றார். அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலாம். செலவு யாருடையது என்று இந்த முறை கேட்டேன். "துறைதான் சார்" என்றார், நான் என்னவோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

எனக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையில் காசு இல்லாததால் சொல்லும்போது குரல் கொஞ்சம் இழுத்தது. ஆனால் உனக்கு வந்த மேடையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீ அந்த வார்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கினால் போதும் என்கிறார்கள். நீயே முடிவு செய். இந்த முறை உன்னைக் கேட்காமல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வாயாடி

---

ஆகஸ்ட் 11

என் அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். ராணி குப்புற விழுந்து, நிமிரத் தெரியாமல், நாம்தான் தள்ளிவிட்டோம் என்பதுபோல் எங்களைத் திட்டுகிறாள். அவளுக்கு உன் வாய்.

அந்த ஆள் இங்கேயும் வந்தார். நல்ல பளபளப்பான ஷூ, நம் சேற்றுப் பாதையில் பாவம். "மேடையில ரெண்டு வார்த்தை பேசினா போதும்மா, முன்னாடி இருந்தவங்க பண்ண அநியாயத்தை" என்றார். "பேசறேன். அந்த ரோட்டுவேலைக்காரப் பொண்ணை முதல்ல கூட்டிட்டு வாங்க. அவ சரின்னு சொன்னா பேசறேன்" என்றேன். எந்தப் பெண் என்று அவருக்குத் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வார்டுக்குப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் மேடை வழியாகப் போக வேண்டாம். என் கேஸை ரத்து செய்ய வேண்டாம், படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதிப் போட்டேன்.

தீர்ப்பு திங்கட்கிழமை ஜீப்பில் வந்தது. உன் வழுக்கைத் தலை அதிகாரிதான் கையெழுத்து. நீ எழுதிக் கொடுத்ததை முழுவதும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பொருள்களைக் கொடுத்தது திட்டத்தின்படி சரி. அரசுப் பூட்டை உடைத்தது தவறு. இனி இவ்வாறு செய்யக் கூடாது என்று எச்சரித்து விடுவிக்கப்படுகிறார். இந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது. குளிருக்கு முன் வார்டுக்குத் திரும்பலாம். உன்னால் வந்ததடா இது. நான் ஒரு மூச்சு அழுது முடித்தேன்.

அதே ஜீப்பில் பைகளும் வந்திறங்கின. ஸ்டோரில் மிச்சமிருந்த பழைய பைகள்தான். சிரிக்கிற பழைய முகத்தின்மேல் சிரிக்கிற புது முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். உன் வரியையும் மறைத்துவிட்டார்கள், வருத்தப்படாதே. விழாத் தேதி பிறகு அறிவிக்கப்படும், அதுவரை என்ன செய்வது என்பதற்குத் தனி உத்தரவு வரும் என்று ஜீப்காரர் வாய்வழியாகச் சொன்னார்.

எச்சரிக்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஆயாவைப் பார்த்தேன். "அதெல்லாம் நடக்காது சிஸ்டர்" என்றாள், சொல்லிக்கொண்டே முதல் மூட்டையை அவிழ்த்தாள். இங்கே ஸ்டோருக்குப் பூட்டே கிடையாது, அதனால் உடைக்கவும் ஒன்றும் இல்லை. உத்தரவு வருவதற்குள் பாதியைக் கொடுத்து முடித்துவிட்டோம். மீதி மேட்டு வீடுகளுக்குத் தூக்கிப் போக வேண்டும். டீச்சர் ராணியை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பத் தயார். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, சேறு அதிகம்.

அக்கா